கூடி வாழ்வதற்கு ஒரு சாசனம்

பல குடும்பங்கள் ஒரே மனையில் கூடி வாழ எண்ணினால், அவர்களுக்கு முதலில் வேண்டுவன செங்கல்லும் சுண்ணாம்புமே என்று நாம் நினைப்போம். வரலாறு வேறு விடை கூறுகிறது. கூட்டுறவுக் குடியிருப்புக்களில் கட்டடத்திற்கு முன்னதாக எழுவது ஓர் ஏடு. அதற்குத் துணை விதிகள் என்பது பெயர். யாரைச் சேர்ப்பது, யார் முடிவு செய்வது, செலவை எவ்வாறு பகிர்வது, விலக விரும்புவோர் எம்முறையில் விலகுவது என்னும் வினாக்களுக்கு அது விடை பகரும். இவற்றுள் முதல் வினா இன்றளவும் நம்மை விட்டபாடில்லை.

1896-ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புக்களில் மக்கள் மடிந்தனர். 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. எனினும், மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்தோருக்குச் சொந்த வீடு எட்டாக் கனியாகவே இருந்தது. அவர்களுக்குச் சட்டமும் கை கொடுக்கவில்லை. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே அனுமதித்தது. 1912-ஆம் ஆண்டின் சட்டமே பிற நோக்கங்களுக்கும் வழி திறந்தது.

அவ்வழியில் முன் நடந்தவர் ராவ் பகதூர் தல்மாகி. 1906-இல் தம் சமூகத்தார்க்கென ஒரு கடன் சங்கத்தை நிறுவிய அவர், 1915-இல் பம்பாய் காம்தேவியில் சாரஸ்வதக் கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தார். கட்டடம் சங்கத்தின் உடைமை. உறுப்பினருக்கு உரியவை பங்கும் குடியிருக்கும் உரிமையுமே. 1901-இல் லண்டனை அடுத்த ஈலிங்கில் தோன்றிய குடியிருப்போர் சங்கமும் இத்தகைய கூட்டுடைமை முறையையே பின்பற்றியது.

1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பு நுட்பமானது. பதினெட்டு வயது கடந்த பத்துப் பேராவது கூட வேண்டும். விண்ணப்பத்தோடு துணை விதிகளையும் பதிவாளரிடம் அளிக்க வேண்டும். பொறுப்பு வரையறுக்கப்பட்ட சங்கத்தில் தனி ஒருவர் மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ, 1000 ரூபாய்க்கு மேலோ பங்கு வைத்திருத்தல் ஆகாது. செல்வர் ஒருவரே சங்கத்தை விழுங்கிவிடாமல் காக்கும் வேலி இது. துணை விதியைத் திருத்தினாலும், அத்திருத்தம் பதிவான பின்னரே செல்லும். ஆக, மேலே சட்டம், அதன் கீழ்த் துணை விதி, அதன் கீழ்ப் பொதுக்குழுவின் தீர்மானம் என்னும் படிமுறை அமைந்தது. கீழ்ப்படி மேற்படியை மீறலாகாது. 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டம், பங்கு எத்துணையாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்னும் நெறியையும் வகுத்தது.

இத்துணைச் செம்மையான அமைப்பில் நெருடும் இடம் ஒன்று உண்டு. கடன் சங்கத்தினர் ஒரே ஊரினராகவோ, ஒரே சாதி அல்லது தொழிலினராகவோ இருக்கவேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுச் சட்டமே கூறிற்று. அறிந்தவரை நம்புவது எளிது என்பதே அதன் கருத்து. குடியிருப்புச் சங்கங்கள் பலவும் அவ்வழியே சென்றன. பம்பாய்ச் சங்கம் சாரஸ்வதர் பெயரைத் தாங்கியது. அகமதாபாத்தில் 1926-இல் பதிவான ஜொராஷ்டிரியச் சங்கம், பார்சிகளுக்கே இடம் என்று விதி செய்தது.

அவ்விதி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2005-இல் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. சமயச் சார்பற்ற நாட்டில் இது சற்றுப் பிற்போக்காகத் தோன்றலாம் என்பதை ஒப்புக்கொண்டும், சங்கம் அமைக்கும் உரிமையை முன்னிட்டு அவ்வாறு தீர்ப்பளித்தது. 2011-இல் நிறைவேறிய 97-ஆவது திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதையும் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது.

ஒரு சிறு சமூகம் சிதறாமல் வாழ அத்தகைய விதி துணை செய்கிறது என்பது உண்மை. வீடு தேடி அலையும் ஒருவர் முகத்தில் அதே விதி கதவைச் சாத்துகிறது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் கடமை நமக்குண்டு. நீதிமன்றம் திறவாத கதவைச் சட்டமன்றம் திறக்கலாம். சங்கத்தின் பொதுக்குழுவும் திறக்கலாம். துணை விதி கல்லில் பொறித்த எழுத்தன்று. உறுப்பினர் கூடித் திருத்தக்கூடிய ஏடே. அதைப் புரட்டிப் பாராமல் கையொப்பமிடுவோர், தம் வீட்டு வாயிலைப் பிறர் கையில் ஒப்படைத்தவர் ஆவர்.