ராட்டையும் சக்கரமும்: திருப்பூரிலிருந்து தேசத்தைப் பார்த்தல்

ஒரு தேசம் எங்கே நிறுவப்படுகிறது? பாடப்புத்தகத்திடம் பதில் தயாராக இருக்கிறது: தலைநகரில், அரசியல் நிர்ணய சபையில், 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில். கூடவே தலைவர்களின் பெயர்ப்பட்டியலும் வரும். இந்தப் பதிலை அப்படியே ஏற்பதில் எனக்குச் சிக்கல் உண்டு. திருப்பூரில் இருந்துகொண்டு யோசிக்கிறவனுக்குத் தேசம் என்பது முதலில் துணி. யாரோ நூற்று, யாரோ நெய்து, யாரோ தோளில் சுமந்து விற்ற துணி.

தேசத்தைக் கற்பிதம் செய்யப்பட்ட சமூகம் என்று வரையறுத்தார் பெனடிக்ட் ஆண்டர்சன் (1983). செய்தித்தாளும் நாவலும், அவற்றின் பின்னிருந்த அச்சு முதலாளியமும்தான் அந்தக் கற்பிதத்தைச் சாத்தியமாக்கின என்பது அவர் வாதம். சரி. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் வீட்டுத் திண்ணைக்குத் தேசம் செய்தித்தாளாக வந்து சேரவில்லை. பஞ்சாக வந்தது, நூலாகப் போனது, கூலியாகத் திரும்பியது. இந்தப் போக்குவரத்தை நமது தேசிய வரலாறு எழுதவில்லை என்பதே என் புகார்.

திருப்பூர் ஏன் கதருக்கு மையமானது என்பதில் மர்மம் ஏதுமில்லை. சுற்றுவட்டாரத்தில் பருத்தி விளைந்தது, ரயில் இருந்தது, கைராட்டை முற்றாக அழிந்துவிடவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில பாரத சர்க்கா சங்கம் அமைக்கப்பட்டபோது அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரை மையமாகக் கொண்டு இயங்கியது. பனியன் தலைநகரம், டாலர் சிட்டி என்றெல்லாம் இன்று பெருமையாகச் சொல்றாங்க. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இது இன்னொரு சரக்குக்குத் தலைநகராக இருந்த ஊர்.

இதே ஊரில்தான் அந்தத் தேசத்தின் விரிசலும் முதலில் பகிரங்கமானது. 1922இல் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு திருப்பூரில் கூடியது. கோயிலுக்குள் விடப்படாத சாதியாரை உள்ளே அனுமதிக்க வேண்டும் என்று ஈ.வெ.ரா. தீர்மானம் கொண்டுவந்தார். பிராமண உறுப்பினர்கள் சாஸ்திரத்தைக் காட்டி எதிர்த்தார்கள். அப்படியென்றால் மநுதர்மத்தையும் ராமாயணத்தையும் கொளுத்த வேண்டியதுதான் என்று அவர் பேசியது அங்கேதான். கவனியுங்கள், அப்போது அவர் காங்கிரஸ்காரர், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர். துணியில் எல்லாரும் ஒன்று, கோயில் வாசலில் ஒன்றல்ல என்ற முரண் கதர்க்காரர் ஒருவரின் வாயிலிருந்தே வெளிப்பட்டது. மூன்று வருஷம் கழித்து, 1925 நவம்பரில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் நிராகரிக்கப்பட்ட காஞ்சிபுரம் மாநாட்டோடு அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். சர்க்கா சங்கம் பிறந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தேசம் ஒரு கையால் நெய்துகொண்டிருந்ததை மறுகையால் கிழித்துக்கொண்டிருந்தது.

அடுத்து குமரன். சென்னிமலையில் 1904இல் நெசவுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர், பிழைப்புக்காகத் திருப்பூர் மில்லில் வேலைக்கு வந்தவர். 1932 ஜனவரி 4 அன்று காந்தி கைதானார். சட்டமறுப்பு மீண்டும் மூண்டது. ஜனவரி 10 அன்று தடையை மீறிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். மறுநாள் இறந்தார். விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை என்பதால் ‘கொடி காத்த குமரன்’ ஆனார்.

இந்தப் பட்டம் ஒரு வாசிப்பு. குமரனின் கையை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் கை தறியில் இருந்ததையும் மில்லில் இருந்ததையும் மறக்கச் செய்கிற வாசிப்பு. நெசவில் பிழைக்க முடியாமல் மில்லுக்கு வந்த ஒருவன் கைத்துணியின் அரசியலுக்காகச் செத்தான் என்று எழுதிப் பாருங்கள். தியாகியின் பிம்பத்துக்குப் பின்னால் ஒரு தொழிலாளி எழுந்து நிற்பான். சிலைக்கு மாலை போடுகிறவர்களுக்கு அவன் வேண்டாம்.

அந்தக் காலத்துக் கொடியையும் படிக்க வேண்டும். 1931 ஆகஸ்டில் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட மூவர்ணக் கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. அதே 1931 பிப்ரவரியில்தான் புது தில்லி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 1911 தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்து, லுட்யன்சும் பேக்கரும் வரைந்து, சாம்ராஜ்யம் தனக்காகக் கட்டிக்கொண்ட நகரம் அது. சுதந்திர தேசம் அந்த நகரத்தைக் கைவிடவில்லை, அதற்குள் குடிபுகுந்தது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் ஆசிரமத்தில் கதர் வேலையை நடத்திய ராஜாஜி, 1948இல் கவர்னர் ஜெனரலாக அந்த வைசிராய் மாளிகையில் வசிக்கப் போனார். தனிமனிதரின் எளிமை பற்றிய பிரச்சினை அல்ல இது. தேசம் தன் மையத்தைக் குடிசையில் கற்பித்துக்கொண்டு மாளிகையில் நிறுவியது என்பதுதான் விஷயம்.

1947 ஜூலை 22 அன்று நேரு முன்மொழிந்த தீர்மானத்தின்படி கொடியில் ராட்டையின் இடத்துக்கு சாரநாத்தின் அசோகச் சக்கரம் வந்தது. சொல்லப்பட்ட காரணம் நடைமுறை சார்ந்தது: கொடியின் இரண்டு பக்கத்திலும் உருவம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ராட்டை ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் திரும்பியும் தெரியும். உண்மைதான். ஆனால் ராட்டை ஏன் அப்படித் தெரிகிறது? அதற்கு ஒருத்தி உட்கார்ந்து நூற்கிற பக்கம் என்று ஒன்று இருக்கிறது. சக்கரத்துக்கு அது கிடையாது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் இருப்பதே அரசின் சின்னத்துக்கு அழகு. அங்கே உட்கார ஆளுக்கு இடமில்லை. ராட்டையும் கதரும் இல்லாத கொடியை வணங்கமாட்டேன் என்கிற வரைக்கும் காந்தி போனார். யார் கேட்டார்கள்?

இதற்காகக் கதர் இயக்கத்தைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. 1935இல் காந்தியே சங்கத்துக்குள் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டிவந்தது. நூற்பவளுக்குப் பிழைக்கிற கூலி கொடுக்கிறோமா? எட்டு மணி நேரத்துக்கு எட்டணா என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். விலை ஏறும், கதர் விற்காது என்று இயக்கத்துக்குள்ளேயே எதிர்த்தார்கள். பிழைப்புக்கூலிக் கொள்கையைச் சங்கம் ஏற்றாலும் எட்டணா எட்டாத இலக்காகவே நின்றது. இந்த வாதம் இங்கே யாருக்கும் புதுசல்ல. “ரேட்டு ஏத்துனா ஆர்டரு பங்களாதேசுக்குப் போயிருமுங்க” என்று பனியன் கம்பெனியில் சொல்வதன் முன்வடிவம்தான் அது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தேசத்தின் வரலாற்றில் குமரனுக்கு ஒரு பத்தி உண்டு. இந்த 127 நாளுக்கு ஒரு வரி உண்டா? குமரன் செத்த ஊர்தானே இதுவும்?

கொடியின் கதை இன்னும் முடியவில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் முதல் எண்ணே தேசியக் கொடிக்கு உரியது. கையால் நூற்றுக் கையால் நெய்த துணிதான் கொடியாகலாம் என்பதே நெடுங்கால விதி. 2021 டிசம்பர் 30 அன்று கொடி விதித்தொகுப்பைத் திருத்தி, மெஷினில் செய்ததும் பாலியஸ்டரும் ஆகலாம் என்றார்கள். 2022 ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி ஏறியது. 1947இல் கொடியின் படத்திலிருந்து போன ராட்டை, இப்போது அதன் நூலில் கட்டாயமாக இருப்பதிலிருந்தும் போய்விட்டது. கொடி பெருகப் பெருக, அதைச் செய்த கை மறைகிறது.

இன்று திருப்பூரில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று நிற்கிறவர்களில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள் ஏராளம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள் என்ற வதந்தி பரவியபோது, உண்மையை அறிய பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்தது. ஒரே தேசம், ஒரே கொடி என்பவர்களும் சரி, ‘வடக்கன்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிற நம்மாட்களும் சரி, சனிக்கிழமை சம்பளத்துக்கு வரிசையில் நிற்கிற அந்த ஆளைத் தேசத்தின் பிரஜையாக எண்ணுவதில்லை. ஒருத்தருக்கு அவன் எண்ணிக்கை, இன்னொருத்தருக்கு அந்நியன். 1922 மாநாட்டில் கேட்ட கேள்வி, யார் உள்ளே, யார் வெளியே, இன்னும் இந்த ஊரில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

தேசத்தை மறுப்பதா ஏற்பதா என்று நாம் பத்திரிகைகளில் நிறையவே சண்டை போட்டாகிவிட்டது. என் முன்மொழிவு சின்னது. தலைவர்களின் உரைகளுக்குப் பதிலாகக் கூலிக் கணக்கிலிருந்து தேசத்தின் வரலாற்றை எழுதத் தொடங்குவோம்: நூற்றவளுக்கு எத்தனை அணா, 1984க்குப் பிறகு எத்தனை ரூபாய், பீஸுக்கு எத்தனை பைசா. அப்படி எழுதும்போது தலைநகர் தில்லியாக இருக்காது. திருப்பூர் மாதிரி பல ஊர்களாக இருக்கும்.