காருக்கு முளைத்த சிறகுகள்

பறவைக்குச் சிறகு பறப்பதற்காக அமைந்தது. மண்ணைவிட்டு எழக்கூடாத வாகனமாகிய காருக்குச் சிறகு எதற்கு? சென்ற நூற்றாண்டின் பொறியியல் வரலாற்றில் இந்த வினா பலமுறை எழுந்தது. அறிவியல் ஒரு விடை தந்தது. ஆடம்பரம் வேறொரு விடை தந்தது. இரண்டும் ஒரே உருவில் தோன்றியதால், எது பயன், எது பாவனை என்று பிரித்தறிய இயலாமல் மக்கள் மயங்கினர். அந்த மயக்கத்திற்குச் சிலர் பணத்தை விலையாகக் கொடுத்தனர். சிலர் உயிரையே கொடுத்தனர்.

வால்சிறகின் காலம்

இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-38 என்னும் அமெரிக்கப் போர் விமானத்தின் இரட்டை வால், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் என்பாரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் சாயலில் 1948ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களின் பின்புறத்தில் இரு சிறு மேடுகள் எழுந்தன. அவை அழகுக்காகவே வைக்கப்பட்டவை. ஆனால், போட்டி அவற்றை வளர்த்தது. ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போன அந்த வால்சிறகுகள், 1959ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் உச்சத்தை எட்டின.

இதற்கிடையில் கிரைசிலர் நிறுவனம் அழகுக்கு அறிவியல் சான்றிதழ் தேட முற்பட்டது. வெர்ஜில் எக்ஸ்னர் வடிவமைத்த தன் கார்களின் வால்சிறகுகள், பக்கக் காற்று வீசும்போது வாகனத்தை நிலைப்படுத்துகின்றன என்று அது விளம்பரம் செய்தது. இக்கூற்று முழுப் பொய்யன்று. அம்பின் முனையை நேரே வைத்திருப்பது அதன் பின்புறத்து இறகே அன்றோ? ஆனால், சாதாரணச் சாலை வேகத்தில் அந்தப் பயன் மிகச் சிறியது. உலோகத்தையும் பளபளப்பையும் நோக்க, கிடைத்த நன்மை கடுகளவே.

கேடோ கடுகளவாக நிற்கவில்லை. 1965இல் வெளிவந்த ரால்ஃப் நேடரின் வாகனப் பாதுகாப்பு நூல், மிதிவண்டியில் சென்ற சிறுமி ஒருத்தி, நின்றுகொண்டிருந்த காரின் கூரிய வால்சிறகில் மோதி உயிரிழந்ததை எடுத்துரைத்தது. ஓடாமல் நின்ற கார் ஓர் உயிரைக் குடித்தது. அதற்குக் காரணமானது எப்பணியும் செய்யாத ஓர் அலங்காரம். 1960களின் நடுப்பகுதிக்குள் வால்சிறகு மோகம் அடங்கிவிட்டது.

தலைகீழ்ச் சிறகு

பந்தயக் களத்தில் நிகழ்ந்தது வேறு வரலாறு. விமானச் சிறகு காற்றால் மேலே தூக்கப்படுகிறது. அதனைத் தலைகீழாகப் பொருத்தினால் காற்று கீழ்நோக்கி அழுத்தும். சக்கரங்கள் சாலையை இறுகப் பற்றும். எடை கூடாமலே பிடிப்பு மட்டும் கூடும். 1928ஆம் ஆண்டு மே மாதம், பெர்லின் ஆவுஸ் ஓடுதளத்தில் மணிக்கு 238 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ஓப்பல் ராக்கெட் கார், எழும்பிவிடாதிருக்க இரு பக்கங்களிலும் இத்தகைய சிறகுகளைக் கொண்டிருந்தது. 1956இல் மைக்கேல் மே என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர், தம் போர்ஷே காரின் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு சிறகை நிறுத்தி நூர்பர்க்ரிங் பந்தயத்திற்குக் கொண்டுவந்தார். அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது.

அக்கருத்து மீண்டும் உயிர்பெறப் பத்தாண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்கரான ஜிம் ஹாலின் சாப்பரல் 2இ கார், உயர்ந்த கால்களின் மேல் பெருஞ்சிறகைத் தாங்கிக் களம் இறங்கியது. 1968இல் ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் சிறகுகள் முளைத்தன. ஓராண்டுக்குள் அவை கார்களின் தலைக்கு மேல் உயர்ந்து, மெல்லிய கம்பிகளின் மீது நின்றன. 1969 மே 4ஆம் நாள், பார்சிலோனா மோன்சுவிக் ஓடுதளத்தில் கிரகாம் ஹில், யோகன் ரின்ட் ஆகிய இருவரின் லோட்டஸ் கார்களும் அடுத்தடுத்துச் சிறகு முறிந்து, ஒரே இடத்தில் சிதறின. இருவரும் உயிர் தப்பினர், ரின்ட் காயமுற்றார். சிறகுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அடுத்து நடந்த மொனாக்கோ பந்தயத்தின்போது உயர்சிறகுகள் தடைசெய்யப்பட்டன. பின்னர், உயரத்திற்கும் பொருத்தும் முறைக்கும் வரம்பு வகுத்து, சிறகுகள் அனுமதிக்கப்பட்டன. சிறகு வேலை செய்யவில்லை என்பதன்று அங்கு எழுந்த குறை; தாங்கிய கால்கள் பொறுக்க இயலாத அளவுக்கு அது வேலை செய்தது என்பதே.

களத்திலிருந்து கடைத்தெருவுக்கு

பந்தயத்தில் கண்ட காட்சி சாலைக்கு வந்தது. 1969ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா, கூர்மூக்கும் ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் உயரப் பின்சிறகும் பூண்டு அமெரிக்க ஓடுதளங்களை ஆண்டது. 1970 மார்ச்சில் பட்டி பேக்கர் அதில் மணிக்கு 200 மைல் வேகத்தைக் கடந்தார். பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டுமானால் அத்தகைய காரைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் என்பது விதி. அவ்வாறு வந்த பிளைமவுத் சூப்பர்பேர்ட் கார்களை வாங்குவதற்கு மக்கள் தயங்கினர். விற்பனையாளர் சிலர் மூக்கையும் சிறகையும் கழற்றிவிட்டு, சாதாரணக் காராக்கி விற்றதும் உண்டு. களத்தில் வெற்றி தந்த உறுப்பு கடையில் சுமையானது.

1973இல் பி.எம்.டபிள்யூ 3.0 சி.எஸ்.எல் காரின் பெருஞ்சிறகு ஜெர்மனியச் சாலை விதிகளுக்கு ஒவ்வாததால், பொருத்தப்படாமலே காரின் பின்பெட்டியில் வைத்துத் தரப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் வந்த போர்ஷே காரெரா ஆர்.எஸ், வாத்தின் வால்போன்ற சிறு வளைவினால் பின்புறம் தூக்கப்படுவதைக் கணிசமாகக் குறைத்தது. அது காற்றுச் சுரங்கத்திலும் ஓடுதளத்திலும் சோதித்துச் செதுக்கப்பட்ட வடிவம். இதற்கு நேர்மாறானது லம்போர்கினி கவுன்டாக். பலரும் விரும்பிக் கேட்டு வாங்கிய அதன் பின்சிறகு, காரின் உச்ச வேகத்தைக் குறைத்தது. வேகத்தின் சின்னமாக விளங்கியதே வேகத்திற்குத் தடையாயிற்று.

கணக்கு சொல்லும் உண்மை

காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்காகும். ஒரு பேச்சுக்கு, மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோ அழுத்தம் தரும் சிறகு ஒன்றை எடுத்துக்கொள்வோர், அது 120இல் 20 கிலோவும், நகர்ச்சாலையின் 60இல் வெறும் 5 கிலோவுமே தரும் என்பதைக் காண்பர். காய்கறிப் பை ஒன்றைப் பின்பெட்டியில் வைத்தாலும் அதே பாரம் கிடைக்கும். மேலும், முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரில் பின்புறத்தை மட்டும் அழுத்துவது, இழுக்கும் சக்கரங்களுக்கு உதவுவதில்லை. வீட்டின் நிழலில் நிற்கும் சிறு காருக்குப் பந்தயச் சிறகு பூட்டுவது, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையே.

அளவும் இடமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. மிட்சுபிஷி பொறியாளர்கள் 2004இல் லேன்சர் எவல்யூஷன் காரின் கூரைப் பின்விளிம்பில், காற்று உடலைவிட்டுப் பிரியும் இடத்திற்குச் சற்று முன்னதாகச் சிறு துடுப்புகளை வரிசையாக வைத்துச் சோதித்தனர். காற்றுத்தடைக் குணகம் 0.006 குறைந்தது. நுண்ணிய பயன், ஆனால் அளந்து கண்ட பயன். அதன்பின் ஒட்டும் துடுப்புகள் கடைகளில் குவிந்தன. அவற்றை எந்தக் காரின் எந்த இடத்திலும் ஒட்டலாம் என்று எண்ணுவோர், மருந்தின் நிறத்தைக் கண்டு நோய்க்கு மருந்துண்பவரை ஒத்தவர்.

இதனால், சிறகு எல்லாம் வீண் என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். 1998இல் விற்பனைக்கு வந்த ஆவ்டி டி.டி கார், பின்சிறகற்ற வழுவழுப்பான வளைவினால் புகழ் பெற்றது. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் மிகை வேகத்தில் தடம் மாறும்போது அக்கார்கள் நிலைகுலைந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, சக்கரத் தாங்கமைப்பைத் திருத்தி, பின்புறத்தில் சிறியதொரு காற்றுத் தடுப்பையும் சேர்த்தது. அழகு கெடும் என்று தவிர்த்த உறுப்பே அங்கு உயிர்காக்கத் தேவைப்பட்டது.

ஆக, தேவையற்ற சிறகால் மாண்டாள் ஒரு சிறுமி. தேவையான சிறகு இல்லாமல் மாண்டனர் வேறு சிலர். சிறகு நல்லதா, தீயதா என்பது சரியான வினாவன்று. எந்தக் காருக்கு, எந்த வேகத்தில், எவ்வளவு பயன், அதனை அளந்தவர் யார் என்பனவே சரியான வினாக்கள். விளம்பரம் இவ்வினாக்களை விரும்புவதில்லை. அறிவியலோ இவையின்றி ஓரடியும் நகர்வதில்லை. வகுப்பறையில் இருமடி விதியைக் கற்கும் மாணவன், அதனைத் தேர்வுத் தாளோடு விட்டுவிடாமல் தெருவிலும் கொண்டுசென்று பார்ப்பானாகில், கண்ணைக் கவரும் பல சிறகுகள் அவன் முன்னே தாமாகவே உதிர்ந்துவிடும்.