சிறுவர் விளம்பரமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

பழமையை ஆராய்வோர் கல்வெட்டையும் ஏட்டுச் சுவடியையும் நாடுவர். ஐம்பது வயதைக் கடந்த பேராக் மாநிலத் தோட்டத்து மக்களின் நெஞ்சிலோ வேறொரு சுவடி உண்டு. அரை நிமிடமே ஓடிய தொலைக்காட்சி விளம்பரமே அது. இன்று அதை எண்ணி உருகுவோர் பலர். அவ்வுருக்கத்தின் பொருள் யாதென ஆராய்வது ஆசிரியராகிய நமக்குத் தகும்.

சிறுவரை நோக்கி நேரே பேசும் தொலைக்காட்சி விளம்பரம் அமெரிக்காவில் எழுந்தது. 1952-இல் ‘மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட்’ என்னும் விளையாட்டுப் பொருளுக்கு அவ்வாறு விளம்பரம் செய்தனர். அதுவரை பெற்றோரிடம் பேசிய வணிகர், பின்னர்ப் பிள்ளையிடமே பேசலாயினர். பிள்ளை கேட்கும், பெற்றோர் வாங்குவர். இதுவே அவ்வணிகத்தின் சூத்திரம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் கோலாலம்பூரில் தொடங்கிற்று. தீபகற்பத்தில் 1978-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது; 1984-இல் டிவி3 என்னும் தனியார் நிலையம் தோன்றியது. தோட்டங்கள் பலவற்றில் அக்காலத்து மின்சாரம் எந்திரக் கொட்டகையின் கொடை; மாலையில் சில மணி நேரமே கிடைக்கும். பெட்டியுள்ள வீட்டு வாசலில் லயமே கூடும். தமிழ்ப் படத்தின் நடுவே விளம்பரம் வந்தால் பெரியவர்கள் வெற்றிலை மடிப்பர். பிள்ளைகளோ அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவர். முதலாம் வகுப்பில் சேருமுன்னரே அவர்கள் வாயில் மலாய்ச் சொற்கள் புரண்டதற்கு இவ்விளம்பரப் பாட்டுகளும் ஒரு காரணமாகும்.

மைலோவைச் சான்றாகக் கொள்வோம். 1934-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மெய்ன் என்பார் ஆக்கிய இப்பானத்துக்குப் பண்டைக் கிரேக்க மல்லன் ஒருவனின் பெயரையே சூட்டினர். இதன் விளம்பரங்கள் விளையாட்டையும் வெற்றியையும் பானத்தோடு பிணைத்துக் காட்டின. பள்ளி விளையாட்டுப் போட்டியன்று பச்சை வண்டி திடலுக்கே வந்து, காகிதக் குவளையில் குளிர்ந்த பானம் வழங்கியது. திரையில் கண்டது கைக்கே வந்தது. அச்சுவை மறக்கற்பாலதன்று.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி குறையும். அத்தகைய வீட்டில் ஒரு டின் மைலோ எளிதில் வாங்கும் பொருளன்று. பாட்டனைத் தோட்டம் ஆள் கணக்கில் எழுதிற்று. பேரனை இப்பெட்டி வாங்குவோனாக அழைத்தது. அழைப்பு இனித்தது, ஆனால் அதற்குரிய பணம் தந்தையிடம் இல்லை. கேட்ட பிள்ளைக்குத் தாய் கூறிய மறுமொழி எந்த விளம்பரத்திலும் இடம்பெற்றதில்லை.

இவ்விடரைப் பிற நாடுகளும் உணர்ந்தன. கனடாவின் கியூபெக் மாநிலம் 1980-இல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோரையும், சுவீடன் 1991-இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரையும் நோக்கிய விளம்பரங்களைத் தடுத்தன. மலேசியாவும் 2007-இல், சிறுவர் நிகழ்ச்சிகளின்போது துரித உணவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்த முற்பட்டது.

அப்படியாயின் நாம் ஏங்குவது எதற்கு? பண்டத்துக்கன்று, ஒரே வாசலில் கூடியிருந்த அந்தக் கூட்டத்துக்கே. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் ஈப்போ முதலிய நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். இன்று விளம்பரம் கைப்பேசி வழியே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அடைகிறது. உடனிருந்து “அது விற்பதற்காகச் சொல்கிறான், கண்ணு” என்று சொல்ல அருகில் ஒரு பாட்டி இல்லை. அச்சொல்லை வகுப்பறையில் சொல்வது நம் கடமை. விளம்பரம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எதை மறைக்கிறார் என மாணவரை வினவச் செய்வோம். அது நல்ல தமிழ்ப் பாடமுமாகும்.