அவத்தைப் பிழையும் கண்டி மலைகளும்

அலைக்கு வீச்சம், மீடிறன், அவத்தை என மூவியல்புகள் உண்டு. அலை எவ்வளவு உயர்கின்றது என்பது வீச்சம். ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றது என்பது மீடிறன். குறித்த கணத்தில் தன் சுழற்சியின் எக்கட்டத்தில் நிற்கின்றது என்பது அவத்தை. வானொலி வரலாற்றில் நெடுங்காலம் பொதுமக்களின் வாங்கிகள் பொருட்படுத்தாது விட்டது இம்மூன்றாவதனையே. பேச்சையும் இசையையும் சுமந்துவரும் அலையிற் சிறிது அவத்தைப் பிழை நேரினும் மனிதச் செவி அதனைப் பெரும்பாலும் உணர்வதில்லை. கண்ணோ அத்துணைப் பொறுமையுடையதன்று. நிறத் தொலைக்காட்சி தோன்றியபின் அவத்தைப் பிழை அனைவர்க்கும் புலனாயிற்று. கண்டி போன்ற மலைசூழ் நகரங்களில் அப்பிழை எவ்வாறு எழுகின்றது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

திருத்தத்தின் வேர் வானொலியிலேயே உள்ளது. பிரெஞ்சுப் பொறியியலாளர் ஆன்றி த பெல்சீஸ் என்பார் 1932ஆம் ஆண்டில் ஒத்தியங்கும் வாங்கியொன்றை விளக்கி எழுதினார். வாங்கி தன்னகத்தே ஓர் அலைவை எழுப்பி, அதன் அவத்தையை வந்துசேரும் அலையின் அவத்தையோடு ஒப்பிட்டு, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது அவர் கருத்து. சுற்று சிக்கலானது, செலவு மிக்கது. ஆதலின் இல்லங்களிலிருந்த வானொலிப் பெட்டிகளில் அது இடம்பெறவில்லை.

1953ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா என்.ரி.எஸ்.சி. எனும் நிறத் தொலைக்காட்சி முறையை ஏற்றது. அம்முறையில் நிறச் செய்தியைத் துணைக்காவி அலையொன்று சுமக்கின்றது. அதன் வீச்சம் நிறத்தின் செறிவைக் குறிக்கும். அதன் அவத்தை, நிறம் சிவப்போ பச்சையோ நீலமோ என்பதைக் குறிக்கும். அவத்தையை அளத்தற்கு ஒரு தொடக்கக் குறி வேண்டும். அதன்பொருட்டு ஒவ்வொரு வரியின் முகப்பிலும் மிகக் குறுகிய நேரம் ஓர் ஒப்புக்குறி அலை அனுப்பப்பட்டது. வாங்கியின் உள்ளலைவு அதனோடு ஒத்தியங்கி, வரி முழுவதற்கும் அளவுகோலாய் நின்றது. 1932இல் எழுந்த எண்ணம் இவ்வாறு இல்லந்தோறும் புகுந்தது.

எனினும் ஒப்புக்குறி சரியாயிருத்தல் மட்டும் போதாது. கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை முதலிய மலைகளின் நடுவே அமைந்துள்ளது. இத்தகைய இடத்தில் ஒரே ஒளிபரப்பு நேர்வழியாகவும் மலைச்சரிவிலே தெறித்தும் வானலை வாங்கியை அடைதல் கூடும். தெறித்த அலை 1,500 மீற்றர் கூடுதலாகச் சென்றதெனக் கொள்வோம். அது 5 மைக்குரோசெக்கன், அதாவது செக்கனின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு, பிந்தி வரும். ஒப்புக்குறி நீடிப்பதோ அதன் பாதியளவு நேரமே. ஆகவே ஒப்புக்குறி தூய்மையாய் வந்து முடிந்தபின்னரே எதிரொலி வந்து, படத்தின் நிறக் குறியோடு கலக்கின்றது. அளவுகோல் நேராயிருக்க, அளக்கப்படும் பொருள் திரும்பிவிடுகின்றது. பார்ப்பவர் முகத்தில் பச்சை படர்தலைக் காண்பார். நிறத்தைச் சீராக்கும் குமிழைத் திருகுவார். மறு நிலையத்துக்கு மாறியதும் மீண்டும் திருகுவார்.

மலைகள் மிக்க ஐரோப்பாவில் இக்குறை பெரிதும் சிந்திக்கப்பட்டது. பிரான்சில் ஆன்றி த பிரான்ஸ் 1956இல் செக்காம் முறையை வகுத்தார். ஜெர்மனியில் ஹனோவர் நகரிலே தெலபுங்கன் நிறுவனத்தில் ஆய்வு நடத்திய வால்ற்றர் புறூக் வேறொரு வழி கண்டு, 1963ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அதனை ஐரோப்பிய ஒளிபரப்பு வல்லுநர்க்குச் செய்துகாட்டினார். அதுவே பி.ஏ.எல். முறை. அவத்தையை மாற்றியனுப்பும் எண்ணம் அமெரிக்காவில் முன்னரே சோதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டிருந்தது. ஒரு வரியைத் தாமதித்து வைக்கும் எண்ணம் செக்காமில் இருந்தது. இரண்டையும் இணைத்துப் பயன்கண்டமையே புறூக்கின் சிறப்பு.

அவர் முறை பிழையைத் தடுப்பதன்று. பிழையைப் பிழையாலேயே அழிப்பது. நிறக்குறியின் ஒரு கூறு வரிக்கு வரி தலைகீழாக்கப்பட்டு அனுப்பப்படும். வழியில் நேரும் பிழை அடுத்தடுத்த இரு வரிகளையும் ஒரே திசையில் 20 பாகை திருப்புகின்றதெனக் கொள்வோம். வாங்கியானது தலைகீழான வரியை நிமிர்த்தும்போது, அவ்வரியின் பிழையும் எதிர்த்திசைக்கு மாறுகின்றது. இரண்டின் சராசரியை எடுக்க, பிழைகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. நிறம் மாறுவதில்லை, அதன் செறிவு மட்டும் நூற்றுக்கு 6 அளவில் குறையும். செறிவுக் குறையைக் கண் எளிதிற் பொறுக்கும்.

சராசரி காண்பதற்கு முந்திய வரியை 64 மைக்குரோசெக்கன் காத்துவைக்க வேண்டும். அந்நேரத்தில் வானலை 19 கிலோமீற்றர் சென்றுவிடும். எனவே மின்குறி கழியொலி அலையாக்கப்பட்டு, சிறு கண்ணாடித் துண்டினுள் மெல்லச் செல்லவிடப்பட்டது. கண்ணாடி இல்லாத மலிவான வாங்கிகளில் சராசரி காணும் பொறுப்புக் கண்ணையே சார்ந்தது; பிழை மிகுந்தபோது திரையில் வரிவரியான கோடுகள் தோன்றின. அவை இன்றும் ஹனோவர்க் கோடுகள் எனப்படுகின்றன.

பிரித்தானியாவிலும் மேற்கு ஜெர்மனியிலும் 1967இல் நடைமுறைக்கு வந்த இம்முறையை இலங்கையும் ஏற்றது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நிலையம் ஜப்பானின் நன்கொடை. ஜப்பானோ தன் நாட்டில் என்.ரி.எஸ்.சி. முறையையே கைக்கொண்டிருந்தது. ஆயினும் இங்கு நிறுவப்பட்டது பி.ஏ.எல். முறையே. கண்டி மலைகளே இத்தெரிவுக்குக் காரணம் என்றல் பொருந்தாது. ஆனால் 2,524 மீற்றர் உயர்ந்த பிதுருதாலகால மலையுச்சியில் நிலையத்தின் செலுத்தி நிறுவப்பட்டது. அவ்வுச்சிக்கும் கண்டிக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவு, அதில் மலைமேல் மலையாக அடுக்கிய நிலப்பரப்பு. ஐரோப்பிய மலைநாட்டின் இடரை நோக்கி வகுக்கப்பட்ட மருந்து இம்மலைநாட்டுக்கும் பொருந்திற்று என்பதில் ஐயமில்லை.

அம்மருந்தின் எல்லையும் ஈண்டுக் கூறற்பாலது. மலை எழுப்பிய இரட்டைப் படத்தை அது போக்கவில்லை. நிறத்தின் நுண்மையை மேல்கீழாகப் பாதியாக்கியது. பல நாடுகளில் இவ்வகை ஒளிபரப்பு இன்று நிறுத்தப்பட்டு, இலக்க முறை வந்துவிட்டது. அங்கும் வாங்கி, தான் முன்னறிந்த ஒப்புக்குறிகளைக் கொண்டே வழியில் நேர்ந்த அவத்தைப் பிழையை அளந்து திருத்துகின்றது. மலையை அகற்றுதல் பொறியியலாளர்க்கு இயலாது. எப்பிழையைப் பொறுக்கலாம், எப்பிழையைப் பொறுக்கலாகாது எனத் தெரிந்து, பொறுக்கவொண்ணாததைப் பொறுக்கத்தக்கதாய் மாற்றுதலே அவர்க்கு இயன்றது. அவத்தைத் திருத்தத்தின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.