புத்தளத்தில் காத்திருந்த கப்பல்

இன்றைய உல்லாசக் கப்பல்கள் ஒரு துறையில் பெரும்பாலும் ஒரு பகல்தான் நிற்கும். 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவைக் காற்று புத்தளத்தில் கொண்டுவந்து சேர்த்தது. ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பாவாதமலைக்குப் போய்வர வழி. ஒரு வருஷமானாலும் காத்திருப்பேன் என்றார் கப்பல் தலைவர். மன்னரோ பல்லக்கும் நாலு யோகிகளும் மூன்று பிராமணரும் சுமைகாரர் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினார்.

மலை ஏறி, தெவிநுவர, காலி, கொழும்பு வழியாக அவர் புத்தளம் திரும்பினார். காலியில் விருந்து வைத்தவர் ஒரு முஸ்லிம் மாலுமி. நம் பூர்வீகத்தைப் பேசுவோர் இதையும், குனகார் என்னும் தலைநகருக்கு வெளியே இருந்த ஷெய்கு உஸ்மான் ஷீராஸியின் பள்ளியையும் விடாமல் சொல்வார்கள். (குனகார் கம்பளையா, குருநாகலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.) அந்த ஷெய்கின் ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டிருந்ததை மட்டும் மெல்ல விட்டுவிடுவார்கள்.

மாடு அறுத்ததற்கான தண்டனை அது. அங்கே அதற்கு உயிரையே எடுப்பார்கள். அவர்மேல் இருந்த மரியாதையால் அவ்வளவோடு விட்டார்கள். ஒரு சந்தையின் வரும்படியையும் அவருக்கே எழுதிவைத்தார்கள். பாதியைச் சொன்னால் அது வரலாறு ஆகுமா? அரசரும் ஊராரும் அவரைப் போய்க் கண்டு வந்தார்கள் என்றும் அதே ரிஹ்லா சொல்கிறது.

முன்பு மலைக்கு வழிகாட்டியவர் அவர்தான். பிறகு அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் யாத்திரீகரைக் கூட்டிப்போனார்கள்.