கலர் மேட்ச் ஆகலையா? அப்போ சரியாத்தான் இருக்கு! - நிஜமான ஸ்க்ராப்பி க்வில்ட் எது?

ஆன்லைன் ஷாப்பிங் ஆப்பில் 'பேட்ச்வொர்க் பெட்ஷீட்' என்று தேடிப் பாருங்கள். குட்டிக் குட்டிச் சதுரங்கள், விதவிதமான டிசைன்கள் என்று கலர்ஃபுல்லாக வந்து நிற்கும். படத்தைக் கொஞ்சம் ஜூம் பண்ணினால் பலவற்றில் ஒட்டுத் தையலே இருக்காது. ஒரே துணியில் சதுரம் சதுரமாக அச்சடித்திருப்பார்கள். அப்படியென்றால், அமெரிக்காவில் 'ஸ்க்ராப்பி க்வில்ட்' என்று தலைமுறை தலைமுறையாகத் தைக்கிறார்களே, அது எது? எதை வைத்துக் கண்டுபிடிப்பது? வாங்க, பார்க்கலாம்.

முதலில், க்வில்ட் என்றால்?

சிம்பிள். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு துணி. இந்த மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வைதான் க்வில்ட். மேல் துணியைப் பல துண்டுகளை இணைத்துச் செய்தால் அது பேட்ச்வொர்க். அந்தத் துண்டுகள் வேறு எதற்கோ வெட்டியதில் மிஞ்சியவை, பழைய உடுப்புகளிலிருந்து எடுத்தவை என்றால் அது ஸ்க்ராப் க்வில்ட். கடைக்குப் போய் மூன்று கலர் தேர்ந்தெடுத்து, மீட்டர் கணக்கில் வாங்கி, வெட்டித் தைத்தால் அதுவும் அழகான க்வில்ட்தான். ஆனா, ஸ்க்ராப்பி கிடையாது.

எத்தனை துணி இருக்கணும்?

எண்ணிக்கைக்கு விதி எதுவும் இல்லை. ஆனால், ஒரு டெஸ்ட் இருக்கு. எந்தத் துணியும் 'நான்தான் ஹீரோ' என்று தனியாகத் தெரியக் கூடாது. கண் ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கணும். இதன் உச்சம், 'சார்ம் க்வில்ட்'. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஃபேஷனாக இருந்தது. எல்லாத் துண்டும் ஒரே வடிவம். ஆனால், ஒரு துணி ஒரே ஒரு முறைதான் வரலாம். ஒரு வீட்டில் அத்தனை வகைத் துணிக்கு எங்கே போவது? தோழிகளிடமும் சொந்தக்காரர்களிடமும் துண்டுகளை மாற்றிக்கொண்டார்கள்.

மிச்சம்தான் டிசைனர்

வழக்கமாக டிசைனை முடிவு செய்துவிட்டுத் துணி வாங்குவோம். இங்கே கதை தலைகீழ். மிஞ்சியது என்ன வடிவமோ, அதுதான் டிசைனைத் தீர்மானிக்கும்.

* நாடா மாதிரி மெல்லிசாக மிஞ்சினால், 'ஸ்ட்ரிங் க்வில்ட்'. பழைய பேப்பர் மேல் வரிசையாக வைத்துத் தைத்துவிட்டு, கடைசியில் பேப்பரைக் கிழித்து எடுத்துவிடலாம்.

* 1 இன்ச் அளவுக்குக் குட்டித் துண்டுகள் என்றால், 'போஸ்டேஜ் ஸ்டாம்ப் க்வில்ட்'.

* எந்த ஒழுங்கும் இல்லாத கோணல்மாணல் துண்டுகள் என்றால், 'கிரேஸி க்வில்ட்'. 1880-களில் பட்டு, வெல்வெட் துண்டுகளில் எம்ப்ராய்டரியோடு கலக்கியது இது.

1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கப் பெண்களுக்குக் கைகொடுத்தது, மாவு மூட்டையும் கோழித் தீவன மூட்டையும். பருத்தித் துணியில் வந்த அந்த மூட்டைகளைப் பிரித்து அவர்கள் உடை தைப்பதைப் பார்த்த கம்பெனிகள், பூப்போட்ட டிசைனிலேயே மூட்டைகளை அச்சடித்தன. சட்டை, கவுன் போக மிஞ்சியது க்வில்ட்டுக்குப் போனது.

அப்போ பார்க்க கசகசன்னு இருக்காதா?

இருக்காது. காரணம், கலர் இல்லை. வெளிர் - அடர் வித்தியாசம். 'லாக் கேபின்' என்ற பிரபலமான டிசைனை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். ஒரு பாதியில் வெளிர் துணிகள், மறு பாதியில் அடர் துணிகள். இதைக் கடைப்பிடித்துவிட்டால் பச்சை, ஊதா, ஆரஞ்சு எது பக்கத்தில் எது வந்தாலும் டிசைன் பளிச்சென்று தெரியும்.

இதைச் சரிபார்க்க உங்கள் போனே போதும். துண்டுகளைத் தரையில் பரப்பி போட்டோ எடுத்து, பிளாக் அண்டு ஒயிட்டுக்கு மாற்றுங்கள். எது வெளிர், எது அடர் என்று உடனே தெரிந்துவிடும்.

கலரைப் பொருத்திப் பொருத்தி அடுக்கும் கையைக் கட்டுப்படுத்தவும் ஒரு வழி உண்டு. துண்டுகளை ஒரு பையில் போட்டு, பார்க்காமல் கையை விட்டு, வருவதை அப்படியே தைப்பது!

ஒரே துணி... இரண்டு கதை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் இடத்தில் இருக்கிறது 'ஜீஸ் பெண்ட்'. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் வாழும் கறுப்பின மக்களின் ஊர். அங்கே க்வில்ட் பொழுதுபோக்கு இல்லை. குளிருக்கு வேற வழியில்லாமல் தைத்தது.

1942-ல் கணவரை இழந்த மிசௌரி பெட்வே, அவர் வயல் வேலைக்குப் போட்ட உடுப்புகளையே வெட்டி ஒரு க்வில்ட் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு, அதையே போர்த்திக்கொள்வதற்காக.

1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் க்வில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 1972-ல் 'சியர்ஸ்' நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஆர்டர் வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. அதில் மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீடுகளுக்குப் போய், ஒன்றுபோல இன்னொன்று இல்லாத க்வில்ட்டுகளாக மாறின. அதே துணி, அதே கைகள். ஆர்டருக்குத் தைத்ததில் டிசைனைக் கடை முடிவு செய்தது. வீட்டுக்குத் தைத்ததில் கையில் இருந்த துண்டும் தைத்தவரின் மனசும் முடிவு செய்தன. ஸ்க்ராப்பி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

2002-ல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஜீஸ் பெண்ட் க்வில்ட்டுகள் ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால்துறை அவற்றை ஸ்டாம்ப்பாகவே வெளியிட்டது.

ரெடிமேட் துண்டுகள் ஓகேவா?

5 இன்ச் சதுரங்கள், இரண்டரை இன்ச் பட்டைகள் என்று முன்கூட்டியே வெட்டிய பண்டில்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. வசதிதான். ஆனால், பெரும்பாலும் ஒரே கலெக்‌ஷனைச் சேர்ந்தவை என்பதால் கலர்கள் ஏற்கெனவே ஒத்துப்போயிருக்கும். லுக் கிடைக்கும், வேலைக்குப் போன சட்டையும் ஸ்கூல் யூனிஃபார்மும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அந்தக் கதை கிடைக்காது. தப்பில்லை, வித்தியாசம் தெரிந்து வாங்குங்கள்.

இதை நேரில் பார்க்க அலபாமா வரை போக வேண்டாம். கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழைய துணிகளில் 'கவந்தி' தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிப் போகும் ரன்னிங் ஸ்டிச் அதன் அடையாளம்.

நீங்களும் தொடங்கலாம்

* முதலில் போர்வை வேண்டாம். ஒரு குஷன் கவர் போதும்.

* காட்டனோடு காட்டனைச் சேருங்கள். நைலக்ஸும் ஜீன்ஸும் பக்கத்தில் வந்தால் தையல் இழுக்கும்.

* துண்டுகளைத் துவைத்து, அயர்ன் பண்ணிவிட்டு வெட்டுங்கள். சாயம் போவதும் சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும்.

* தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் இன்ச் விடுங்கள். கலர் மாறினால் பரவாயில்லை. இந்த அளவு மாறினால் மூலைகள் சேராது.

* பீரோவில் இருக்கும் நல்ல துணியைத் துண்டாக்காதீர்கள். இனி போட முடியாததையும், டெய்லர் கடையில் மிஞ்சுவதையும் எடுங்கள்.

முடித்த பிறகு, 'இந்தத் துண்டு எந்தச் சட்டை?' என்று யாராவது கேட்டு, உங்களிடம் பதில் இருந்தால்... அது நிஜமான ஸ்க்ராப்பிதான்!