கரிசல் வட்டாரக் கிறிஸ்தவக் காணிக்கை மரபு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பகுதிகளின் கிறிஸ்தவர்கள் தங்கள் விளைச்சலிலும் கூலியிலும் ஒரு பங்கைக் கடவுளுக்கென ஒதுக்கும் வழக்கம். பழைய திருநெல்வேலித் திருச்சபை வாழ்வின் ஒரு கிளை இது. இன்று இவ்வட்டாரத்தின் தென்னிந்தியத் திருச்சபைச் சபைகள் 2003இல் உருவான தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்திலும், கத்தோலிக்கப் பங்குகள் 1973இல் உருவான பாளையங்கோட்டை மறைமாவட்டத்திலும் அடங்கும்.

வேதாகம அடிப்படை

நிலமும் விளைச்சலும் கடவுளுடையவை; மனிதர் அவற்றின் உக்கிராணக்காரர் (பொறுப்பாளர்) மட்டுமே என்பது இப்போதனையின் வேர். பழைய ஏற்பாடு முதற்பலனையும் தசமபாகத்தையும் கேட்கிறது. அறுப்பில் சிந்தியதை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவும் சொல்கிறது (லேவியராகமம் 19). செல்வர்கள் நிறையப் போட்ட பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையையே இயேசு உயர்த்திப் பேசினார் (மாற்கு 12). எருசலேம் ஏழைகளுக்காகப் பொருள் திரட்டிய பவுல், கொடுப்பவரிடம் இருப்பதைக் கொண்டே கொடையை மதிக்க வேண்டும் என்று கற்பித்தார் (2 கொரிந்தியர் 8).

மானாவாரியும் பங்கும்

கரிசல் வெள்ளாமை வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு ஆகியவை தையை ஒட்டி வீடு சேரும். பருத்தியும் மிளகாயும் அதற்குப் பின்னும் பலன் தரும். மழை பொய்த்தால் விதைக்குப் போட்டதும் திரும்பாது. எல்லா ஆண்டும் ஒரே தொகை என்று வைத்தால் வறட்சியில் அது கடனாகிவிடும். விளைந்ததில் பங்கு என்று வைத்தால் விளைச்சலோடு காணிக்கையும் கூடும், குறையும். பவுலின் அளவுகோல் இந்த மண்ணுக்கு அத்தனை பொருத்தமானது.

வடிவங்கள்

சங்கக் காணிக்கை: சபைக் குடும்பங்கள் சபைப் பணிக்காகச் செலுத்தும் சந்தா.

ஸ்தோத்திரக் காணிக்கை: பிறந்தநாள், திருமணம், நோய் நீங்கியது போன்ற தருணங்களில் நன்றியாகப் படைப்பது.

அறுப்பின் பண்டிகை: தானியம், காய்கறி, கோழி, ஆடு ஆகியவற்றை ஆலயத்தில் படைத்து, ஆராதனைக்குப் பின் ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் சபைக்குச் சேரும்.

பிடியரிசி: சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துச் சேர்ப்பது. கையில் காசு புழங்காத பெண்களும் இதனால் கொடையாளிகள் ஆனார்கள்.

அசனம்: ஊரார் கொடுத்த அரிசியும் ஆடும் கொண்டு சமைத்து, வந்தவர் எல்லாருக்கும் பரிமாறும் பொது விருந்து. புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்தில் நேர்ச்சையாகவும் அசனம் இடுகிறார்கள்.

வரலாறு

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி, கோவில்பட்டிக்கு அருகில் உள்ள பழமையான கத்தோலிக்க மையம். சீர்திருத்தச் சபைகளில், 1820இல் பாளையங்கோட்டை வந்த மிஷனரி ரேனியஸ், தர்ம சங்கத்தை 1830இல் தொடங்கினார். ஊரில் இருக்க இடமற்றுப்போன கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்க அதன் நிதி உதவியது. 1854இல் மிஷனரி ராக்லண்ட் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சென்று செய்யும் ஊழியத்தைத் தொடங்கியபோது, தெற்கேயுள்ள சபைகள் தங்கள் செலவிலேயே உபதேசிமாரை முறைவைத்து அங்கே அனுப்பின. ராக்லண்ட் 1858இல் சிவகாசியில் இறந்தார்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி. எஸ். அசரியா இம்மரபை விரிவாக்கினார். 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனரி சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர் அவர். அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்தியரின் காணிக்கையிலேயே ஊழியம் நடக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் அதன் முதல் பணித்தளம். 1912இல் அசரியா அங்கே பேராயரானார். கிறிஸ்தவக் கொடை பற்றி ஆங்கிலத்தில் தனிநூலும் எழுதினார்.

கணக்கும் கடமையும்

காணிக்கையைக் கொண்டுபோகும் பொறுப்பைப் பவுல் ஒருவரிடம் விடாமல், பழிக்கு இடமின்றி நம்பிக்கைக்குரிய பலரிடம் ஒப்படைத்தார். பல சபைகள் அடங்கிய சேகரத்தின் கமிட்டி கணக்கைச் சபையார் முன் வைப்பதன் நியாயம் அதுவே. கொடுத்தால் செல்வம் பன்மடங்காகத் திரும்பும் என்று ஆசை காட்டும் செழிப்பு உபதேசம் இம்மரபுக்கு அயலானது. அது கொடையை முதலீடாக்கி, கடன் வாங்கியாவது கொடுக்கும்படி ஏழையைத் தூண்டுகிறது. ஒருவரின் மிகுதி மற்றவரின் குறைவை நிரப்ப வேண்டும் என்பதே பவுலின் போதனை. ஆகவே வறட்சியில் காணிக்கை செலுத்த முடியாத குடும்பத்தை நிலுவைக்காரராகக் கருதாமல், சேர்ந்த காணிக்கையிலிருந்து அவர்களுக்கு உதவுவதும் சபையின் கடமை.